பெட்டை என்று வாங்கினேன், விடியலில் கூவியது!

ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டி, தென்காசிக் கடைத்தெருவே நனைந்து கிடந்தது. என் மளிகைக் கடை வாசலில் ஒரு குஞ்சு வியாபாரி சைக்கிளை நிறுத்தினார். பின்னால் இரண்டு பக்கமும் கூடை. "அண்ணாச்சி, அத்தனையும் பெட்டை. ஆறு மாசத்துல முட்டை எண்ணி முடியாது உங்களுக்கு" என்றார்.

கடைக்குப் பின்னால் இடம் சும்மா கிடக்கிறது. தினமும் கூட்டி அள்ளும் குருணையும் உளுந்துப் பொட்டும் வீணாகின்றன. இருபது கோழிக் குஞ்சு வாங்கினேன். ஆசை விடவில்லை, வேறோர் இடத்தில் ஆறு வான்கோழிக் குஞ்சும் வாங்கி விட்டேன்.

பூனைக்கும் நோய்க்கும் போக மிஞ்சிய கோழிகள் பதினாறு. நான்கைந்து மாதம் கழித்து ஒரு விடியலில் கொல்லையே கூவியது. எண்ணிப் பார்த்தால் பதினான்கு சேவல், இரண்டே பெட்டை! பக்கத்து வீட்டுக்காரர் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏமாந்தது எப்படி?

முட்டைப் பண்ணைக்கு வேண்டியது பெட்டை மட்டுமே. முட்டைக் கோழி இனத்துச் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, கறிக்கோழி போல வேகமாக எடையும் போடாது. ஆகவே குஞ்சு பொரிப்பகங்கள் அவற்றைப் பிரித்து அற்ப விலைக்குத் தள்ளி விடுகின்றன. திருவிழாக்களில் சாயம் பூசி விற்கும் வண்ணக் குஞ்சுகளில் பெரும்பாலானவை இந்தச் சேவல்களே.

ஒரு நாள் குஞ்சின் கழிவாயைத் திறந்து ஆண், பெண் அறியும் முறையை 1920-களில் ஜப்பானிய அறிஞர்கள் வகுத்தார்கள். நெடுநாள் பயிற்சி வேண்டிய வித்தை அது. நாம் வீட்டில் முயன்றால் குஞ்சு செத்துப் போகும். இறகு வளர்ச்சியைப் பார்த்துப் பிரிப்பதும் உண்டு. ஆனால் அதற்கென்றே உருவாக்கிய இனங்களில்தான் அது செல்லும், நாட்டுக் கோழியில் செல்லாது. கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பதும் வெறும் நம்பிக்கையே. குஞ்சு ஆணா பெண்ணா என்பது தாய்க்கோழி வழியாக, கரு உண்டாகும்போதே முடிவாகி விடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கோழியில் அடையாளம்

ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவலின் கொண்டையும் தாடியும் பெரிதாகிச் சிவக்கத் தொடங்கும். பெட்டைக்கு வெளிறிச் சிறுத்தே இருக்கும். சேவலின் கால் தடிமன். மூன்று மாதமானால் ஐயமே வராது. கழுத்திலும் இடுப்பிலும் சேவலுக்கு இறகு கூர்மையாகப் பளபளக்கும், பெட்டைக்கு நுனி வட்டமாக இருக்கும். சேவலின் வாலில் அரிவாள் போல் வளைந்த இறகு நீளும். ஆகவே முட்டைக்கு வாங்குபவர்கள் கூடுதல் விலை கொடுத்தாலும் மூன்று மாதப் பெட்டையாக வாங்குவதே லாபம்.

வான்கோழியில் அடையாளம்

வான்கோழி ஆடும் என்பது எல்லோருக்கும் தெரியும். வாலை விசிறியாக விரித்து, சிறகைத் தரையில் உரசி ஆடுவது சேவல்தான். 'களகள'வென்று உரக்கக் கத்துவதும் அதுவே. அலகின் மேல் தொங்கும் சதை சேவலுக்கு நீளும், பெட்டைக்குக் குட்டையாகவே நிற்கும். சேவலின் மார்பில் கருப்பு முடிக்கற்றை ஒன்று வளரும். எச்சத்திலும் குறிப்பு உண்டு: சேவலுடையது நீண்டு முனை வளைந்திருக்கும், பெட்டையுடையது சுருண்டு கிடக்கும். குஞ்சுப் பருவத்தில் இவை எதுவும் தெரியாது. நான்கு மாதமாவது பொறுக்க வேண்டும்.

என் வான்கோழிகளுக்கு அந்த நான்கு மாதம் வாய்க்கவில்லை.

கிட்டங்கியில் வைத்த விஷம்

அந்தச் சாரலில் கிட்டங்கியில் சுவரோரம் இருந்த கடலை மூட்டை ஒன்று ஈரம் குடித்துப் பச்சைப் பூஞ்சணம் பூத்து விட்டது. நல்லதைப் பொறுக்கிக் கொண்டு மிச்சத்தை இடித்து வான்கோழிக் குஞ்சுகளுக்குப் போட்டேன். தீனி எடுக்காமல் சிறகு தொங்கி, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு செத்தன. கால்நடை மருத்துவர் குஞ்சை அறுத்து ஈரலைப் பார்த்தார். பிறகு தீனித் தொட்டியைப் பார்த்தார். "இதைத்தான் போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. தேடிப் போனபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூத்த பூஞ்சணமே குற்றவாளி என்று தெரிந்தது. அந்த நஞ்சுக்குத்தான் அஃப்ளடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். கழுவினாலும் வெயிலில் காய வைத்தாலும் அது போகாது. வறுத்தாலும் முழுதாக அழியாது. கோழியை விட வான்கோழிக் குஞ்சை வேகமாகத் தாக்கும். மனிதனுக்கும் ஈரல் புற்றுநோய் தரக்கூடியது.

கடையில் மேலும் இரண்டு சிப்பம் 'கோழித் தீனிக்கு' என்று ஒதுக்கி வைத்திருந்தேன். மலிவாகக் கேட்டு ஆளும் வந்தது. கொடுக்கவில்லை, குழி வெட்டிப் புதைத்தேன். நட்டம்தான். ஆனால் நம்மிடம் தீனி வாங்கும் வீட்டில் நாலு கோழிதான் ஒரு குடும்பத்தின் சேமிப்பாக இருக்கும். சாரல் மாதங்களில் மூட்டைகளைப் பலகை மேல் ஏற்றி, சுவரை விட்டு ஓரடி தள்ளி அடுக்குங்கள். பூஞ்சணம் கண்டதை எந்தப் பெயரிலும் விற்க வேண்டாம்.

மறுபடி தொடங்குபவர்களுக்கு

வான்கோழியையும் கோழியையும் ஒரே கொட்டிலில் அடைக்காதீர்கள். கோழிக் குடலில் உள்ள புழு மூலம் கருந்தலை நோய் பரவும். கோழி தாங்கிக் கொள்ளும், வான்கோழி தாங்காது. வான்கோழிக் குஞ்சுக்குத் தீனியைத் தேடித் தின்னத் தெரியாது. முதல் இரண்டு வாரம் அவித்த முட்டையைப் பிசைந்து ஊட்ட வேண்டும். தண்ணீர்த் தட்டில் வண்ணக் கோலிக்குண்டு போட்டால் கொத்தப் போய்க் குடிக்கப் பழகும். வெள்ளைக் கழிச்சலுக்குக் குஞ்சு பிறந்த முதல் வாரத்தில் கண்ணில் சொட்டு மருந்தும், எட்டாவது வாரம் ஊசியும் தவறக் கூடாது. கோழி முட்டை பொரிய 21 நாள், வான்கோழி முட்டைக்கு 28 நாள்.

முட்டை மட்டும் போதுமென்றால் சேவலே வேண்டாம். குஞ்சு வேண்டுமென்றால் பத்துக் கோழிக்கு ஒரு சேவல், ஐந்து வான்கோழிப் பெட்டைக்கு ஒரு சேவல் போதும்.

என் பதினான்கு சேவல்கள் என்னவாயின என்கிறீர்களா? சீசன் முடிந்திருந்ததால் பிரானூர் பார்டர் பரோட்டாக் கடைகளிலும் கேட்பார் இல்லை. கிடைத்த விலைக்குத் தள்ளினேன். மிஞ்சிய இரண்டு பெட்டையும் இரண்டு வான்கோழியும் இன்றும் கொல்லையில், தனித்தனிக் கொட்டிலில் நிற்கின்றன. அந்தக் குஞ்சு வியாபாரியை அதன் பிறகு நம் தெருப் பக்கம் காணவில்லை. ஒரு கூடை குஞ்சில் கிடைத்த லாபத்துக்கு ஒரு தெருவையே இழந்தார். நம் தராசுக்கும் அதே கணக்குத்தான்.