நீர் மாத்திரையோடு கஷாயமும் குடிக்கலாமா?

"காலெல்லாம் வீங்கிப்போச்சு டாக்டர். இருதய டாக்டர் நீர் மாத்திரை குடுத்திருக்காரு. கூடவே நெருஞ்சில் கஷாயமும் குடிச்சா சீக்கிரம் வடியும் இல்லையா?" என்று கேட்டார் அறுபது வயது அம்மா ஒருவர். சித்த வைத்தியன் நான், 'தாராளமா குடிங்க' என்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். "முதல்ல மாத்திரை அட்டையைக் காட்டுங்கம்மா" என்றேன்.

நெருஞ்சில், நீர்முள்ளி, சிறுபீளை எல்லாமே சிறுநீரைப் பெருக்குபவைதான். மாத்திரையோடு சேர்ந்தால் நீர் அளவுக்கு மீறி இறங்கி, எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழ நேரலாம்.

அட்டையைக் கேட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஃப்ரூஸமைட் மாத்திரை சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றும். கெண்டைக்கால் இழுக்கும், உடம்பு சோர்ந்துபோகும். ஸ்பைரனோலாக்டோன் மாத்திரையோ பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். அதைச் சாப்பிடுபவர் தினமும் இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறி, இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அந்த அம்மாவின் அட்டையில் இருந்தது இரண்டும் சேர்ந்த மாத்திரை. விசாரித்தால், தினம் ஒரு இளநீரும் உண்டாம்! கஷாயம் வேண்டாம், இளநீரை நிறுத்துங்கள், இன்றே அந்த டாக்டரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

மாத்திரையைக் காலையில் போடுவதே நல்லது. இரவில் போட்டால் பாத்ரூமுக்கு நடந்தே தூக்கம் போகும். தினமும் காலையில் எடை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலும், படுத்தால் மூச்சு வாங்கினாலும் டாக்டரிடம் ஓடுங்கள். வாந்தி, பேதி கண்ட அன்று அவரைக் கேட்காமல் அடுத்த மாத்திரை வேண்டாம். மூட்டு வலிக்குக் கடையில் நீங்களாக வலி மாத்திரை வாங்காதீர்கள். அது நீரை மறுபடி தேக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

ஒரு வாரம் கழித்து ரிப்போர்ட்டோடு வந்தார் அம்மா. பொட்டாசியம் 5.8; இருக்கவேண்டியது 5-க்குள். டாக்டர் மாத்திரையை மாற்றியிருந்தார்.