பெட்டி மேலே 1000 வாட்ஸ்... உள்ளே 24 வாட்ஸ்!

டி.வி., ஸ்பீக்கர், வீடியோ கேம் வாங்கப் போகிறீர்களா? உஷார்!

சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கிறது ரிச்சி தெரு.

ரேடியோ காலத்தில் இருந்தே எலெக்ட்ரானிக் சாமான்களுக்குப் பேர் போன இடம். அன்று ரேடியோ பார்ட்ஸ் தேடி வந்தார்கள். இன்று டி.வி., ஸ்பீக்கர், கம்ப்யூட்டர், வீடியோ கேம் என்று தேடி வருகிறார்கள்.

தெருவுக்குள் கால் வைத்ததுமே குரல் கேட்கும்.

"வாங்க சார்... என்ன சார் வேணும்? ஹோம் தியேட்டரா? 1000 வாட்ஸ் சார்! வீடே அதிரும்!"

வேளச்சேரியில் குடியிருக்கும் குமாஸ்தா ஒருவர் இந்தக் குரலுக்கு நின்றார். போனஸ் வந்த நேரம். சட்டைப் பையில் பணம் இருந்தது. கடைக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். தெரு இரைச்சலில் அதுவும் அமர்க்களமாகத்தான் இருந்தது. பேரம் பேசி, 5 ஆயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்தார்.

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சிந்தாதிரிப்பேட்டையில் பறக்கும் ரெயில் ஏறி வீடு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் வந்தது வினை!

சத்தத்தைப் பாதிக்கு மேல் வைத்தால் ஸ்பீக்கர் இழுத்தது. குறைத்து வைத்தால் வசனம் புரியவில்லை.

"என்னடா இது... டப்பாக்குள்ள தலையை விட்டுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு!" என்றார் அவருடைய தாயார்.

அடாப்டரைத் திருப்பு!

அதே தெருவில் ஒரு பெரியவர். பல வருஷம் ரேடியோ, டி.வி. ரிப்பேர் செய்தவர். குமாஸ்தா அவரைக் கூட்டி வந்தார்.

பெரியவர் ஸ்பீக்கரைத் தொடவே இல்லை. சுவரில் செருகி இருந்த கறுப்பு அடாப்டரைக் கழற்றினார். முதுகைத் திருப்பினார்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு? படிங்க."

"12 வோல்ட்... 2 ஆம்பியர்."

"ரெண்டையும் பெருக்குங்க."

"இருபத்தி நாலு."

"ஆங்... உள்ளே போறதே 24 வாட்ஸ். அப்போ 1000 வாட்ஸ் எங்கேருந்து வெளியே வரும்?"

குமாஸ்தா வாயடைத்துப் போனார்.

அதன் விவரம் வருமாறு:-

பெட்டியில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பக்கத்தில் பொடி எழுத்தில் பி.எம்.பி.ஓ. என்று இருந்தது. கண் இமைக்கும் நேரத்துக்கு எகிறக் கூடியதாகச் சொல்லப்படும் கணக்கு அது. அதற்கு ஒழுங்கான அளவுகோல் கிடையாது. 1000 என்றும் போடலாம், 5000 என்றும் போடலாம். கேட்பார் இல்லை!

ஸ்பீக்கர் தொடர்ந்து கொடுக்கக் கூடிய சத்தத்துக்கு ஆர்.எம்.எஸ். வாட்ஸ் என்று பெயர். வாங்குகிறவர் பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். பத்துக்குப் பத்து அறைக்கு 30, 40 ஆர்.எம்.எஸ். வாட்ஸ் தாராளம்.

ரிச்சி தெருவுக்குப் பழக்கமான 4440 ஐ.சி. இருக்கிறதே, அதைத் தயாரித்த சான்யோ கம்பெனி கொடுத்த கணக்கே பக்கத்துக்கு 6 வாட்ஸ்தான். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்தால் 19 வாட்ஸ். அந்த 6 வாட்ஸில் பாட்டுக் கேட்டுச் சந்தோஷப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ!

ஒரு கோடிக்கு ஒன்று குறைவு

இந்த நம்பர் வேலை இன்று நேற்று வந்தது அல்ல.

1990-களில் டி.வி.யில் செருகி விளையாடும் 'டி.வி. கேம்' வந்தது ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் கேசட். அதன் மேல் '9999999 இன் 1' என்று போட்டிருக்கும். அதாவது 99 லட்சத்து 99 ஆயிரத்து 999 கேம். ஒரு கோடிக்கு ஒன்றுதான் குறைவு!

உள்ளே இருந்தது நாலைந்து கேம்தான். அதே மரியோ, அதே டாங்கி, பெயர் மட்டும் மாறி மாறி வரும். அன்று ஏமாந்த பையன்கள்தான் இன்று அப்பாக்கள். இன்று அவர்களுக்குக் காட்டப்படுவது வாட்ஸ், லூமென்ஸ், 4கே!

இரண்டாம் படையெடுப்பு

சில மாதம் கழித்து குமாஸ்தாவுக்குச் சீட்டுப் பணம் வந்தது. 40 ஆயிரம் ரூபாய். வீட்டில் மூன்று மனு.

தாயாருக்கு சீரியல் வசனம் காதில் விழ வேண்டும். மனைவிக்குப் பெரிய டி.வி. வேண்டும். எட்டாவது படிக்கும் பையனுக்குக் கேம் வேண்டும்.

மனைவி ஒரு நிபந்தனையும் போட்டார்.

"ஏங்க, கையில இருக்கிறதுக்குள்ள முடிச்சுட்டு வாங்க. தவணை, கிவணைன்னு எதுலயும் கையெழுத்துப் போட்டுட்டு வராதீங்க!"

இந்த முறை குமாஸ்தா தனியாகப் போகவில்லை. பெரியவரையும் அழைத்துக்கொண்டார். பெரியவர் முதலில் கடைக்குக் கிளம்பவில்லை. டேப்பை எடுத்து வீட்டை அளந்தார்!

எத்தனை அங்குலம்?

சோபாவில் இருந்து சுவருக்கு 7 அடி. அதாவது 84 அங்குலம்.

"பாதி ஆக்குங்க. 42 வருதா? 43 அங்குல டி.வி. போதும். 55 வாங்கினா டென்னிஸ் பார்க்கிற மாதிரி தலையைத் திருப்பணும்" என்றார் பெரியவர்.

டி.வி. அங்குலம் என்பது மூலைக்கு மூலை அளவு. 43 அங்குல டி.வி.யின் படத்தின் அகலம் சுமார் 37½ அங்குலம். அதைத் தெரிந்துகொள்ளாமல் அலமாரியை இடித்தவர்களும் உண்டு.

விலையிலும் ஒரு விஷயம். 2025 செப்டம்பர் 22 வரை, 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது. அன்று முதல் 18 சதவீதமாகக் குறைந்தது. பழைய ஸ்டிக்கர் விலையைக் காட்டி 'ஸ்பெஷல் தள்ளுபடி' என்று யாராவது சொன்னால், அது வரி குறைந்த காசா, கடைக்காரர் குறைத்த காசா என்று கேட்க வேண்டும்.

'சப்போர்ட்' மாயம்

கடையில் ஒரு குட்டி புரொஜக்டரைக் காட்டினார்கள். "4கே சப்போர்ட் சார்! 9000 லூமென்ஸ்! சுவர் பூரா சினிமா!"

குமாஸ்தாவின் கை பைக்குள் போனது. பெரியவர் அந்தக் கையைப் பிடித்தார்.

"தம்பி, அதோட சொந்தப் புள்ளி எத்தனைன்னு கேளுங்க."

டி.வி. படம் என்பது புள்ளிகளால் ஆனது. எச்.டி. ரெடியில் சுமார் 10½ லட்சம் புள்ளி. புல் எச்.டி.யில் சுமார் 20¾ லட்சம். 4கே என்றால் சுமார் 83 லட்சம்.

'4கே சப்போர்ட்' என்றால், 4கே படத்தைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் என்று அர்த்தம். அதைத் தன்னிடம் உள்ள புள்ளிக்குள் சுருக்கித்தான் காட்டும். சொந்தப் புள்ளிக்கு 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்று பெயர். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும்.

லூமென்ஸ் கதையும் அதுவே. 'ஆன்சி லூமென்ஸ்' என்று போட்டிருந்தால் அதற்கு ஒரு அளவுகோல் உண்டு. வெறும் லூமென்ஸ் என்றால் அது பி.எம்.பி.ஓ.வின் தம்பி! பகலில் ஜன்னலைத் திறந்து வைத்தால் படம் வெளுத்துவிடும்.

புரொஜக்டர் கதை அதோடு முடிந்தது. டி.வி.க்குப் போனார்கள்.

பெரியவர் கையோடு ஒரு பென் டிரைவ் கொண்டு போயிருந்தார். அதில் முழு வெள்ளை, முழு கறுப்பு, முழு சிவப்பு என்று வெறும் கலர் படங்கள். போட்டுப் பார்த்தால் செத்த புள்ளி, திட்டு, ஓர வெளிச்சம் எல்லாம் அம்பலமாகும். கடைக்காரர் போட்டுக் காட்டும் அருவிப் படத்தில் எந்த டி.வி.யும் அழகிதான்!

'ஸ்மார்ட்' டி.வி.யில் இன்னொன்று. மலிவு மாடல் சிலவற்றில், செல்போனுக்கான ஆண்ட்ராய்டையே போட்டுவிடுகிறார்கள். கூகுள் அங்கீகாரம் இல்லாத பெட்டியில் நெட்பிளிக்ஸ் மாதிரி ஆப்கள் ஓடாது. ஓடினாலும் மங்கலாகத் தெரியலாம். வாங்கும் முன்பே அந்த ஆப்பைப் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

43 அங்குல டி.வி. 22 ஆயிரத்துக்கு முடிந்தது.

காதுக்கு 4 ஆயிரம்

அடுத்து தாயாரின் மனு. மெல்லிய டி.வி.யில் ஸ்பீக்கர் பின்பக்கமோ, அடிப்பக்கமோ இருக்கும். வசனம் நம்மைப் பார்த்து வராமல் சுவரைப் பார்த்துப் போகும். அதனால்தான் புரிவதில்லை.

ஆறு ஸ்பீக்கர் வேண்டியதில்லை. முன்னால் பார்த்துப் பேசும் ஒரு சவுண்ட் பார் போதும். டி.வி.யில் 'எச்.டி.எம்.ஐ. ஏ.ஆர்.சி.' என்று எழுதிய ஓட்டை இருந்தால், ஒரே ஒயரில் வேலை முடியும். டி.வி. ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

புளூடூத்தில் இணைத்தால் சத்தம் கொஞ்சம் பின்தங்கி வரலாம். பாட்டுக்குப் பரவாயில்லை. கேமில் சுட்ட பிறகு சத்தம் கேட்டால் பையன் சும்மா இருப்பானா?

கேம் பெட்டி: பழசா, புதுசா?

பையன் கேட்டது பி.எஸ்.5. அது 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோதே விலை 49 ஆயிரத்து 990 ரூபாய். டிஸ்க் போடும் வாய் இல்லாத மாடல் 39 ஆயிரத்து 990. அதை வாங்கினால் குமாஸ்தாவிடம் மிச்சம் 10 ரூபாய்!

டிஸ்க் வாய் இல்லாத பெட்டி மலிவுதான். ஆனால் பழைய டிஸ்க் வாங்க முடியாது. நண்பனிடம் இரவல் வாங்க முடியாது. ஆடி முடித்து விற்க முடியாது. ஒவ்வொரு கேமையும் நெட்டில் போட்ட விலைக்கே வாங்க வேண்டும். பெட்டியில் மிச்சம் பிடித்த காசு, கேமில் போய்விடும்.

குமாஸ்தா 13 ஆயிரத்துக்குப் பழைய பி.எஸ்.4 எடுத்தார். 2013-ல் வந்த பெட்டிதான். ஆனாலும் டிஸ்க்குகள் பழைய விலைக்குக் கிடைக்கும். நாளைக்கு டிஸ்க் போடும் பி.எஸ்.5 வாங்கினாலும், இந்த டிஸ்க்குகளில் பெரும்பாலானவை அதிலும் ஓடும். சாதாரண பி.எஸ்.4 கொடுப்பதே புல் எச்.டி. படம்தான். 120 ஹெர்ட்ஸ் டி.வி. என்று அதற்காகக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. டி.வி. செட்டிங்கில் 'கேம் மோட்' போட்டால், பட்டனை அமுக்கியதும் ஆள் குதிப்பான்.

பழைய பெட்டி வாங்குகிறவர்கள் கவனிக்க:-

* கடையிலேயே அரை மணி நேரம் ஆடிப் பார்க்க வேண்டும். பேன் ஓவென்று கத்தினாலோ, தானாக அணைந்தாலோ வேண்டாம்.

* டிஸ்க்கைப் போட்டு, எடுத்து, மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

* கன்ட்ரோலரை மேஜை மேல் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். ஆள் தானாக நடந்தால் குச்சி போச்சு!

* நெட்டில் இணைத்து, சொந்தப் பெயரில் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். கம்பெனி தடை செய்த பெட்டி என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

* "100 கேம் உள்ளேயே போட்டுத் தர்றேன் சார்" என்றால் ஒதுங்கிவிடுங்கள். அது பூட்டை உடைத்த பெட்டி. கேமும் திருட்டு கேம். நெட்டில் இணைத்தால் தடை விழலாம்.

பில் எங்கே?

"பில் வேணாம்னா 500 குறைச்சுக்கலாம் சார்..."

ரிச்சி தெருவில் மட்டும் அல்ல, எல்லாக் கடைத்தெருவிலும் கேட்கும் குரல்தான் இது. அந்த 500 ரூபாய்க்காக வாரண்டியை விற்றுவிடக் கூடாது. டி.வி.யில் பேனல் உடைந்தால், மாற்றும் செலவு பல சமயம் புது டி.வி. விலையைத் தொடும்.

பில்லில் கடையின் ஜி.எஸ்.டி. எண், சாமானின் மாடல், சீரியல் நம்பர் மூன்றும் இருக்க வேண்டும். டி.வி.யின் முதுகில் பி.ஐ.எஸ். முத்திரையும், 'ஆர்' என்ற எழுத்துக்குப் பின் 8 இலக்க எண்ணும் இருக்கும். 'பி.ஐ.எஸ். கேர்' ஆப்பில் அதைப் போட்டால் அசலா, போலியா என்று தெரியும்.

தகராறு வந்தால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள சாமானுக்கு மனு போட கட்டணம் கிடையாது. ஆனால் கையில் பில் வேண்டும்!

'வட்டி இல்லாத் தவணை' என்பதிலும் கண் வேண்டும். வட்டி இல்லை என்பார்கள். பிராசசிங் கட்டணம், வட்டிக்கு ஜி.எஸ்.டி. என்று பொடி எழுத்தில் வந்து நிற்கும்.

மிச்சம் 1000

டி.வி. 22 ஆயிரம். சவுண்ட் பார் 4 ஆயிரம். கேம் 13 ஆயிரம். ஆக 39 ஆயிரம். மிச்சம் இருந்த ஆயிரத்தில் ஒரு நல்ல ஸ்பைக் கார்டு. பாக்கிக்குப் பெரியவருக்கும் குமாஸ்தாவுக்கும் டிபன், காபி.

அன்று ராத்திரி சீரியல் ஓடியது. தாயார் தலையை ஆட்டினார்.

"இப்பதான்டா அந்த மாமியார் என்ன பேசுறான்னே புரியுது!"

ஒன்பது மணிக்கு மேல் பையன் முறை. பத்து மணிக்கு மனைவி சுவிட்சை அணைத்தார். கடன் இல்லை. தவணை இல்லை.

அந்த பழைய 1000 வாட்ஸ் ஸ்பீக்கரை என்ன செய்தார்கள்?

ஸ்பீக்கர், பையனின் அறையில் செல்போன் பாட்டுக்குப் போய்விட்டது. அட்டைப் பெட்டி மட்டும் பரண் மேல் இருக்கிறது. கொலு பொம்மைகளை அடுக்கி வைக்க நல்ல வசதி!