பூட்டை இழந்த சாவிகள்

மஸ்கெலியா ஓயாவும் கெசல்கமுவ ஓயாவும் அணைக்கட்டுகளில் தேங்கியும், மலையைக் குடைந்த சுரங்கங்களில் நுழைந்தும், மின்நிலையங்களில் விழுந்தெழுந்தும் கீழிறங்கி, லக்ஷபான குளத்தில் ஒன்றுகூடிய பிறகு, மறுபடியும் சுழலிகளைத் திருப்புமிடம் பொல்பிட்டிய. 75 மெகாவாட் வலுவுடன் அந்த மின்நிலையம் 1969ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிற்று. மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கமும் அக்காலத்ததே. அது நிறைந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போயிற்று. கடும் வறட்சியில் நீர்மட்டம் தாழும் போதெல்லாம் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் சிதைவுகள் தலைகாட்ட, ஜனங்கள் திரண்டுபோய்ப் பார்த்து வருகிறார்கள். அந்தக் கடைவீதியின் சாவிகளில் ஒன்றிரண்டு இன்றும் யார் வீட்டுத் தகர டப்பாவிலேனும் கிடக்கக்கூடும். அவற்றுக்குரிய பூட்டுகள் மட்டும் இனி அகப்படா.

மலைநாட்டில் சாவிகள் அநாதையானதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, இலங்கைவாழ் இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜாவுரிமை வழங்குவதென்றும் முடிவாகி, அதன் பிறகு பல்லாண்டுகள் குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார் சென்று கப்பலேறியவர்கள் காலி செய்துவிட்டுப் போன தோட்டத்து லயக் காம்பராக்கள் எத்தனையோ. 1948இல் வீடிழந்த பாலஸ்தீனர் தங்கள் வீட்டுச் சாவிகளைப் பேரன் பேத்திகளுக்கும் ஒப்படைத்து, என்றேனும் திரும்புவோம் என்பதற்கு அத்தாட்சியாக அவற்றைப் பேணி வருவதை உலகம் அறியும். லயத்துக்காரருக்கு அந்தப் பாக்கியங்கூட இல்லை. நாலைந்து தலைமுறை குடியிருந்தும் காம்பரா தோட்டத்துக்கே சொந்தம். கதவில் தொங்கிய ஆமைப்பூட்டும், பிறப்புச் சான்றும் அடகுச் சீட்டும் அடங்கிய டிரங்குப் பெட்டியுமே அவருடையவை. ஆதலால் நமது பிரதேசத்தில் அகப்படும் பழைய சாவிகளில் கதவுச் சாவியைக் காட்டிலும் பெட்டிச் சாவியே சரித்திரம் மிகுந்தது என்பது என் அபிப்பிராயம்.

பெட்டிச் சாவியை எவ்வாறு பிரித்தறிவது? தண்டைப் பார்க்க வேண்டும். தண்டின் நுனியில் துளையிருந்தால் அது குழல் சாவி. பூட்டினுள் நிற்கும் சிறு முளை அத்துளைக்குள் புகுந்து சாவியை நேராக நிறுத்தும். இத்தகைய பூட்டை ஒரு புறத்திலிருந்து மட்டுமே திறக்க முடியுமாதலால், அது பெரும்பாலும் பெட்டி, அலுமாரி, மேசை இழுப்பறை, பழைய ஆமைப்பூட்டு ஆகியவற்றுக்கு உரியதாயிருக்கும். தண்டு துளையின்றித் திண்ணென்று இருந்து, நுனி பல்லைத் தாண்டிச் சற்றே நீண்டிருக்குமானால், இரு புறமும் திறக்கும் கதவுச் சாவி என்று ஊகிக்கலாம். துரை பங்களாக் கதவுகளில் இவ்வகையைக் காணலாம். தட்டையான உடலும் விளிம்பில் ஏற்றத்தாழ்வான வெட்டுகளும் உள்ளது, லைனஸ் யேல் என்ற அமெரிக்கர் 1860களில் செம்மைப்படுத்திய முறையைச் சேர்ந்தது. பூட்டினுள் வரிசையாக நிற்கும் சிறு ஊசிகள் ஒவ்வொன்றையும் உரிய உயரத்துக்கு அந்த வெட்டுகள் தூக்கினால்தான் உருளை திரும்பும். பண்டைய எகிப்தியரின் மரப்பூட்டுகளிலும் இதே தத்துவம் இருந்தது என்பது ஆச்சரியத்துக்குரியது.

வகை தெரிந்த பின், வீட்டிலுள்ள பூட்டுகளில் பொறுமையாகப் பரீட்சித்துப் பார்க்கலாம். பலவந்தம் கூடாது, துருவேறிய சாவி உள்ளேயே முறிந்தால் பெட்டியை உடைக்க நேரும். தேங்காய் எண்ணெய் விடுவதும் உசிதமன்று. தூசியைச் சேர்த்துக்கொண்டு பிசினாகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துச் சாவியில் தடவிச் செருகினால் போதும்.

வழியில் கண்டெடுத்த சாவியாயின், தோட்டத்து ஆபீசிலோ பொலிஸ் நிலையத்திலோ ஒப்படைப்பதே முறை. கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்தால் அடையாளத்தைச் சொல்லிவிடாமல், தேடி வருபவரையே சொல்லச் செய்ய வேண்டும். கைப்பேசியில் படமெடுத்து நாலு பேருக்கு அனுப்பும் வழக்கம் ஆபத்தானது: தூரத்திலிருந்து எடுத்த படத்தைக் கொண்டே மாற்றுச் சாவி வெட்ட முடியும் என்பதைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள் 2008இலேயே செய்து காட்டிவிட்டார்கள்.

வலிப்பு வந்தவர் கையில் இரும்புச் சாவிக்கொத்தைத் திணிக்கும் சம்பிரதாயத்தையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பழைய சாவிகளை வீட்டில் வைத்திருப்பதற்கு அதுவே காரணம் என்பாரும் உளர். வலிப்பு இரும்பினால் நிற்பதன்று. பெரும்பாலும் சில நிமிஷங்களில் தானே அடங்குவது. நோயாளியைப் பக்கவாட்டில் சாய்த்து, தலைக்கடியில் மிருதுவாக எதையேனும் வைத்து, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே பிரயோஜனமானது. பித்தளைச் சாவிகளில் ஈயம் கலந்திருப்பதுண்டாகையால் குழந்தைகளுக்கு விளையாடக் கொடுப்பதையும் தவிர்ப்பது நலம்.

எந்தப் பூட்டுக்கும் பொருந்தாத புதுக்காலத்துத் தட்டைச் சாவிகளைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. பித்தளை உருக்கப்பட்டு மறுபடி ஏதேனுமொரு வஸ்துவாகும். குழல் சாவிகளை மட்டும் எடைக்குப் போட வேண்டாம். புளி தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம். காலம் ஏற்றிய கறுப்போடு, பொறித்திருக்கும் மெல்லிய எழுத்தும் இலக்கமும் தேய்ந்துபோகும். உலர்ந்த துணியால் துடைத்து, எந்தத் தோட்டம், எந்த லயம், யாருடைய பெட்டி, எந்த வருஷம் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சாவியோடு கட்டி வைக்க வேண்டும். கண்டி ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலையொன்றில் 2001இல் திறக்கப்பட்ட தேயிலை அருங்காட்சியகத்தில் இயந்திரங்களுக்கும் துரைமார் சரித்திரத்துக்கும் தாராளமாக இடமுண்டு. தொழிலாளியின் பெட்டிச் சாவியைக் கொடுக்க விரும்புகிறவர்கள், கம்பளைப் பக்கத்து ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயமொன்றிலேயே அமைந்த தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை நாடலாம்; காகிதத் துண்டையும் மறவாமல் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.