ஃபார்மட் போடுவதற்கு முன்னால்

“லேப்டாப் திறக்கவே கால் மணி நேரம் ஆகுதுப்பா. கடைக்காரத் தம்பி ஃபார்மட் போட்டா சரியாயிடும்னு சொல்லுது. கொடுத்துடட்டுமா?”

தொலைபேசியில் அத்தை கேட்டார். பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எட்டு வருடப் பழைய மடிக்கணினி அது. மாமாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன. “உள்ளேயிருந்து சத்தம் வருதா அத்தை?” என்றேன். “டிக் டிக்னு வருது, சுவர்க் கடிகாரம் மாதிரி” என்றார். உடனே அணைத்துவிடச் சொன்னேன்.

அந்தச் சத்தத்தின் பொருள் தெரிந்தால் யாரும் ஃபார்மட் போடத் துணிய மாட்டார்கள். மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்க்குக்குள் காந்தப் பூச்சுப் பூசிய வழவழப்பான தட்டு சுழல்கிறது. நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது நொடிக்கு 90. தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கும் அதிக வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனையான ஹெட் அதைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. நம் தலைமுடியின் தடிமனோ பல பத்தாயிரம் நானோமீட்டர். அந்த இடைவெளிக்கு ஒரு புகைத்துகள்கூடப் பாறைதான். ஹெட் தன் தடத்தைக் கண்டுகொள்ளத் தட்டிலேயே அடையாளங்கள் எழுதப்பட்டிருக்கும். ஹெட் பழுதாகியோ தட்டு கீறுபட்டோ அவற்றைப் படிக்க முடியாமல் போனால், ஹெட் பின்வாங்கி மீண்டும் முயலும். மறுபடியும் தோற்கும், மறுபடியும் முயலும். நாம் கேட்கும் டிக் டிக் அதுதான்.

மந்தமும் அதே நோயின் அறிகுறியாக இருக்கலாம். தகவல் செக்டார் என்னும் சிறு சிறு கட்டங்களில் எழுதப்படுகிறது. ஒரு கட்டம் பழுதானால் டிஸ்க் உடனே கைவிடாது. தட்டு சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கும். அதுவரை கணினி காத்துக் கிடக்கும். அதைத்தான் ‘ஸ்லோ’ என்கிறோம்.

இங்கே முழு ஃபார்மட் போட்டால் நடப்பது விபரீதம். பழுதான கட்டத்தில் புதிதாக எழுத முயலும்போது, டிஸ்க் அதை ஒதுக்கிவிட்டுக் கைவசமுள்ள உபரிக் கட்டம் ஒன்றை அதன் இடத்தில் வைத்துக்கொள்ளும். கணினி சில நாள் சுறுசுறுப்பாகவும் இருக்கும். படங்கள் போயிருக்கும், நோய் அங்கேயே இருக்கும்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கிறது. அந்த ஏற்பாட்டுக்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். கூகுள் பொறியாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட முடிவு முக்கியமானது: சோதனையில் முதல் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு அதிகம். ஆனால் செத்துப்போனவற்றில் பாதிக்கு மேல் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டியிருக்கவில்லை. எச்சரிக்கை வந்தால் நம்புங்கள். வரவில்லை என்பதற்காக நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

அத்தை வீட்டுக்குப் போனதும் அந்த விண்டோஸைத் திறக்கவே இல்லை. பென் டிரைவில் கொண்டுபோன லினக்ஸ் இயங்குதளத்தில் கணினியை இயக்கி, கல்யாணப் படங்களை முதலில் நகலெடுத்தேன். நல்லவேளையாக, அதுவரை டிஸ்க் ஒத்துழைத்தது. பிறகு டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் டிஸ்க் முழுவதையும் சுழலும் தட்டே இல்லாத புதிய எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். சாதாரணமாக நகலெடுத்தால் பழுதான கோப்பில் வேலை மாட்டிக்கொண்டு நிற்கும். டிடிரெஸ்க்யூவோ எளிதில் படிக்கக் கூடியதை முதலில் அள்ளிக்கொள்கிறது. கடினமான இடத்தைத் தாண்டிப் போய், எங்கே தாண்டினோம் என்று குறித்துவைத்து, கடைசியில் திரும்பி வருகிறது. சாகும் டிஸ்க்கிடம் மிச்சமிருக்கும் நேரத்தை இதைவிடச் சிக்கனமாகச் செலவழிக்க முடியாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: எது பழையது, எது புதியது என்பதை வரிசை எண்ணைப் பார்த்து இருமுறை சரிபாருங்கள். திசை மாறினால் காலி டிஸ்க் நிறைந்த டிஸ்க்கின் மேல் எழுதப்பட்டுவிடும்.

டிஸ்க்கைக் கழற்றி மாற்றுவது பெரிய வேலையில்லை. இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கின் இடத்திலேயே உட்காரும். கொள்ளளவு பழையதற்குக் குறையாமல் இருக்கட்டும். விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் மீட்புச் சாவியை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

டிஸ்க்கைக் கணினி அடையாளமே காணாமல் டிக் டிக் மட்டும் கேட்டால், இந்த வேலைகளில் இறங்காதீர்கள். சிலர் ஃப்ரீசரில் வைக்கச் சொல்வார்கள். வெளியே எடுத்ததும் ஈரம் படியும். டிஸ்க்கின் மூடியைத் திறந்தால் தூசி போதும், தட்டு கீறுபட்டுவிடும். தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிலையத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

எஸ்எஸ்டியும் ஒரு நாள் சாகும், சத்தமே இல்லாமல். அதனால் அந்தப் படங்கள் இப்போது வெளி டிஸ்க் ஒன்றிலும் என் வீட்டிலும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் படங்களுக்கு இரண்டாவது நகல் இல்லையென்றால், இன்று இரவே ஒன்று எடுத்துவிடுங்கள்.