சவ்வைத் திறக்கும் மின்துடிப்பு

திண்டிவனத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 என்னும் நிலக்கடலை ரகம், விழுப்புரம் வட்டாரத்தார் மல்லாட்டை என்று சொல்லும் பயிரில் பெரும்பெயர் பெற்றதாயினும், டிக்கா எனப்படும் இலைப்புள்ளி நோய்க்கு எளிதில் இரையாகக் கூடியது. அந்நோயைத் தாங்கும் காட்டினங்கள் தென் அமெரிக்காவில் உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 20 குரோமோசோம்களும் வயற்கடலை 40 குரோமோசோம்களும் கொண்டிருப்பதால், இரண்டையும் கலந்தால் பிறக்கும் செடி பெரும்பாலும் மலடாகிவிடுகிறது. பூவையும் மகரந்தத்தையும் விட்டுவிட்டுச் செல்லோடு செல்லை நேரே இணைக்கும் மின்புலக் கருவியின் மீது பயிர் ஆய்வாளர்கள் கண்வைத்தது இத்தகைய தடைகளால்தான்.

தாவரச் செல்லின் சுவரை நொதிகளால் கரைத்துவிட்டால், சவ்வு மட்டுமே போர்த்திய உருண்டையான புரோட்டோபிளாஸ்ட் மிஞ்சும். இவற்றை இரு மின்முனைகளுக்கு நடுவே விட்டு மெல்லிய மாறுமின்புலம் கொடுத்தால், அவை மணி கோத்தாற்போல் ஒட்டி நிற்கின்றன. அப்போது, மைக்ரோநொடிகளில் அளக்கும் நேரத்திற்குச் சென்டிமீட்டருக்கு ஆயிரம் வோல்ட் அளவில் ஒரு துடிப்பைப் பாய்ச்சினால், தொட்டுக்கொண்டிருக்கும் சவ்வுகள் துளைபட்டு, மூடும்போது ஒரே சவ்வாக மூடிக்கொள்கின்றன. சவ்வின் தடிமன் சுமார் 5 நானோமீட்டர்தான் என்பதால், அதன் குறுக்கே ஒரு வோல்ட் விழுந்தாலே தாங்காது.

இதே துளை வழியே டி.என்.ஏ.வை உள்ளே அனுப்புவது எலக்ட்ரோபொரேஷன். 1982-இல் நாய்மன் குழுவினர் சுண்டெலிச் செல்களில் இதைச் செய்துகாட்டினர். பாக்டீரியாவுக்குப் பயன்படும் குவெட், இருபுறமும் அலுமினியத் தகடு பதித்த, விரல் நுனியளவு பிளாஸ்டிக் குப்பிதான். பனிக்கட்டியில் குளிர்ந்திருக்கும் கலவையில் உப்பு சற்றே மிஞ்சினாலும், பொத்தானை அழுத்தியதும் ‘பட்’டென்று பொறி வெடித்து, அன்றைய உழைப்பு வீணாகும்.

இணைப்பது நொடிக்கும் குறைவான வேலை, வளர்த்தெடுப்பதே பெரும்பாடு. நிலக்கடலை போன்ற பயறினச் செடிகளில் புரோட்டோபிளாஸ்டை முழுச் செடியாக்குவது எளிதில் கைகூடுவதில்லை. திண்டிவனத்து ரகங்களும் தேர்விலும் ஒட்டுக்கலப்பிலும் பிறந்தவையே. விலங்குகளிலும் இதே கதைதான்: கர்னால் தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிலையத்தில், உட்கரு நீக்கிய எருமை முட்டைச் செல்லோடு வேறொரு செல்லை மின்துடிப்பால் இணைத்து உருவாக்கிய முதல் கன்று 2009 பிப்ரவரியில் பிறந்து சில நாட்களிலேயே இறந்தது, அதே முறையில் 2010-இல் பிறந்த கரிமா-2 என்ற கன்றோ வளர்ந்து, 2013 ஜனவரியில் மகிமா என்ற கன்றை ஈன்றது.