பாரசீகரை ஃபாரோ ஆக்கியவர்

கி.மு. 525இல் பாரசீகப் பேரரசர் காம்பைசிஸ், நைல் கழிமுகத்தின் கிழக்கு வாசலான பெலூசியத்தில் எகிப்தியப் படையை முறியடித்தார். அடுத்து மெம்ஃபிஸ் நகரமும் வீழ்ந்தது. நாட்டைப் பிடிக்கப் படை போதும். ஆனால் எகிப்தில் அரசர் என்பவர் வரி வாங்குபவர் மட்டுமல்லர். கோயில்களில் நாள்தோறும் நடக்கும் பூசை அத்தனையும் அவர் பெயரில்தான் நடக்க வேண்டும். பூசாரிகள் அவருக்குப் பதிலாக நிற்பவர்களே. ஃபாரோ இல்லாவிட்டால் 'மாத்' என்னும் உலக ஒழுங்கே குலைந்துவிடும் என்று அம்மக்கள் நம்பினார்கள். அந்த இடத்தில் பாலைவனம் தாண்டி வந்த ஓர் அந்நியர் எப்படி உட்கார முடியும்?

விடையின் பெரும்பகுதி ஒரு சிலையின் உடையில் எழுதியிருக்கிறது. வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தச் சிலைக்கு இன்று தலை இல்லை. உடலெங்கும் சித்திர எழுத்துகள். அதில் தன் கதையைப் பொறித்து வைத்தவர் உட்ஜாஹோர்ரெஸ்னெட். தோற்ற அரசரின் கப்பற்படைத் தளபதி, சாயிஸ் நகரத்துக்காரர். புதிய ஆட்சியில் அவர் தலைமை மருத்துவரானார். காம்பைசிஸுக்கு எகிப்திய அரசப் பெயரை அமைத்துக் கொடுத்தவரும் தானே என்கிறார். மெசுதிரே, அதாவது சூரியக் கடவுள் ரேயின் பிள்ளை. வம்சத்தில் இல்லாதவரை வம்சத்துக்குள் கொண்டுவர அந்த ஒரு பெயர் வழி திறந்தது.

அதை அவர் சும்மா செய்யவில்லை. சாயிஸில் நெய்த் தேவியின் கோயிலுக்குள் அந்நியர்கள் குடியேறியிருந்தார்கள். அவர்களை வெளியேற்றும்படி அரசரிடம் முறையிட்டார். அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள், வீடுகள் இடிக்கப்பட்டன, கோயில் தூய்மையாக்கப்பட்டது, திருவிழாக்கள் மீண்டும் நடந்தன. காம்பைசிஸ் தாமே சாயிஸுக்கு வந்து தேவியின் முன் விழுந்து வணங்கினார். இவரைத் துரோகி என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. படை தோற்றபின் தன் ஊர்க் கோயிலைக் காக்க அவரிடம் எஞ்சியிருந்தது ஒன்றுதான்: ஓர் ஃபாரோ எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அறிவு. வென்றவருக்கு அது அவசரமாகத் தேவைப்பட்டது.

காம்பைசிஸைப் பற்றி உலகம் நினைவில் வைத்திருப்பது இதற்கு நேர்மாறான கதை. மெம்ஃபிஸின் புனிதக் காளையான ஆப்பிஸை அவர் வெறிபிடித்துத் தொடையில் குத்திக் கொன்றார் என்று பல பதிற்றாண்டுகள் கழித்து கிரேக்கரான ஹெரோடோட்டஸ் எழுதினார். 19ஆம் நூற்றாண்டில் சக்காராவில் காளைகளின் நிலவறைக் கல்லறைகள் கண்டுபிடிக்கப்பட்டபோது, கி.மு. 524இல் இறந்த ஆப்பிஸுக்கு முறைப்படி அடக்கம் நடந்ததற்கான கல்வெட்டு கிடைத்தது. அதில் காளைக்கு முன்னால் எகிப்திய உடையில் மண்டியிட்டிருப்பவர் காம்பைசிஸ்! கல் சவப்பெட்டியும் அவருடைய காணிக்கைதான். கொலைக் கதை எங்கிருந்து வந்தது? பின்னாளில் படியெடுக்கப்பட்ட ஒரு பாப்பிரஸ், அவர் பெரும்பாலான கோயில்களின் வருமானத்தைக் குறைத்ததாகச் சொல்கிறது. வயிற்றில் அடிபட்ட பூசாரிகளின் கோபம் கதையாக வளர்ந்திருக்கலாம். மண்டியிடுவதால் கிடைத்த நற்பெயரை வருவாய்க் கணக்கு தின்றுவிட்டது போலும்.

காம்பைசிஸுக்குப் பின் பேரரசரான டாரியஸ் இந்தப் பாடத்தை நன்றாகவே கற்றிருந்தார். ஈலாமில் தம்முடன் இருந்த உட்ஜாஹோர்ரெஸ்னெட்டைத் திருப்பி அனுப்பி, மருத்துவமும் எழுத்தும் வளர்ந்த 'வாழ்வின் இல்லம்' என்ற கோயில் கல்விக்கூடத்தைச் சீரமைக்கச் செய்தார். கார்கா பாலைவனச் சோலையில் ஆமுன் கோயிலை எழுப்பினார்.

ஈரானின் சூசாவில் 1972இல் கிடைத்த டாரியஸ் சிலை எகிப்தில் செய்யப்பட்டது. உடுத்தியிருப்பது பாரசீக அங்கி. ஆப்பெழுத்தில் உள்ள வாசகம், எகிப்தைப் பாரசீகர் பிடித்ததைப் பின்னால் வருகிறவர்கள் அறியட்டும் என்கிறது. சித்திர எழுத்தில் உள்ள வாசகமோ அவரை எகிப்தியக் கடவுளர் தேர்ந்தெடுத்த பிள்ளையாகப் போற்றுகிறது. எகிப்திய மரபில் அரசரின் காலடியில் பகைவர்கள் கைகட்டிக் கிடப்பார்கள். இந்தச் சிலையின் பீடத்தில் இருக்கும் 24 நாட்டு மக்களுக்கோ கட்டு இல்லை. கைகளை உயர்த்தி அரசரைத் தாங்குகிறார்கள். அவர்களில் எகிப்தியரும் ஒருவர்.