டி.வி. காதலன் செத்தால் நிஜக் கண்ணீர் வருவது ஏன்?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். கிளினிக்கில் கூட்டம் குறைந்திருந்த நேரம். ஒரு அம்மா தன் மகளை அழைத்து வந்தார். பெண்ணுக்கு 19 வயது, கல்லூரியில் இரண்டாம் வருடம்.

"டாக்டர், ரெண்டு வாரமா தலை பாரமா இருக்குங்கறா. கண்ணு எரியுதுங்கறா. சாப்பாடும் இறங்க மாட்டேங்குது. வேற ஏதாவது விஷயமா இருக்குமோன்னு பயமா இருக்கு" என்றார்.

அம்மாமார்கள் குரலைத் தாழ்த்தி "வேற ஏதாவது விஷயம்" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்பது இத்தனை வருட அனுபவத்தில் எனக்குத் தெரியும். நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. கண்கள் சிவந்திருந்தன. அம்மாவைக் கொஞ்ச நேரம் வெளியில் உட்காரச் சொல்லிவிட்டு, நர்ஸை உடன் வைத்துக்கொண்டு, "என்னம்மா நடந்தது?" என்று கேட்டேன்.

"லோகன் செத்துட்டான் சார்" என்றாள். பொலபொலவென்று கண்ணீர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "யாரும்மா லோகன்? கூடப் படிக்கிற பையனா?"

அழுகையோடேயே சிரிப்பும் வந்துவிட்டது அவளுக்கு. "இல்ல சார்... சீரியல்ல."

வாசகர்களே, நீங்களும் சிரித்துவிடாதீர்கள். அவள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் சிரித்ததுதான் பாதி வியாதியே.

அந்த சீரியலின் பெயர் 'வெரோனிகா மார்ஸ்'. அமெரிக்காவில் 2004 செப்டம்பரில் யூ.பி.என். என்ற சேனலில் தொடங்கியது. என் பேஷண்ட் அப்போது பிறந்திருக்கவே இல்லை! ராப் தாமஸ் என்பவர் உருவாக்கிய கதை. கலிஃபோர்னியாவில் நெப்டியூன் என்று ஒரு கற்பனை ஊர். வெரோனிகா அங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கும் பெண். அவள் அப்பா கீத் அந்த ஊர் போலீஸ் தலைவராக இருந்து, பதவி போனபின் தனியார் துப்பறியும் நிபுணராகப் பிழைப்பவர். வெரோனிகாவின் உயிர்த்தோழி லில்லி கொலை செய்யப்படுகிறாள். அம்மா வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். பழைய நண்பர்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இத்தனைக்கும் நடுவில் அந்தப் பெண் அப்பாவோடு சேர்ந்து துப்பறிகிறாள்.

கொலையும் துப்பும் இருக்கட்டும். ரசிகர்கள் வருடக்கணக்காகப் பேசித் தீர்க்காதது வேறு விஷயம். வெரோனிகா யாரோடு சேரவேண்டும்? லில்லியின் சகோதரன் டங்கன்தான் முதல் காதலன். நல்ல பையன், சாது. லில்லியின் காதலனாக இருந்தவன் லோகன். சினிமா நடிகரின் மகன், வாயாடி, முரடன். முதல் பகுதியிலேயே வெரோனிகாவின் கார் விளக்கை அடித்து உடைக்கிறான். போகப் போகத்தான் அவன் அப்பாவிடம் பெல்ட்டால் அடி வாங்கி வளர்ந்த பையன் என்று தெரிகிறது. முதல் வருடக் கதை முடியும் தறுவாயில் இந்த இருவருக்கும் நடுவில் காதல் வந்துவிடுகிறது! மூன்றாம் வருடத்தில் பிஸ் என்று இன்னொரு பையனும் வருகிறான். ரசிகர்கள் கட்சி கட்டிக்கொண்டார்கள். லோகன் கட்சிக்காரர்கள் லோகன், வெரோனிகா பெயர்களின் முதல் இரண்டு இரண்டு ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்தால் 'லவ்' என்றே வருகிறது பாருங்கள் என்று சாமர்த்தியமாக ஜோடிப் பெயர் வைத்தார்கள்.

நான் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த காலத்தில், விடுதியில் வாரப் பத்திரிகை வந்ததும் துப்பறியும் தொடர்கதைக்காக அடிதடியே நடக்கும். வசந்த் அடித்த ஜோக்கை யார் முதலில் சொல்வது என்பதில் போட்டி. அதனால் இந்தக் கட்சி கட்டும் விவகாரம் எனக்கு ஒன்றும் புதுசாகப் படவில்லை.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். இல்லாத ஒருவன் செத்ததற்கு இருக்கிற உடம்பு ஏன் அழுகிறது?

1956-ல் ஹார்ட்டன், வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். டி.வி. அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்திருந்த சமயம். திரையில் தினமும் பார்க்கிற முகத்தை, பேசிப் பழகிய சிநேகிதரைப் போலவே நம் மனசு நடத்துகிறது என்றார்கள். நமக்கு அவரைத் தெரியும், அவருக்கு நம்மைத் தெரியாது. ஒருதலை உறவு. இலக்கணத்தில் கைக்கிளை என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த ஜாதி. 2004-ல் ஜோனதன் கோஹன் என்ற ஆய்வாளர், பிடித்த டி.வி. பாத்திரம் இனி வராது என்றால் எப்படி இருக்கும் என்று ரசிகர்களைக் கேட்டுப் பார்த்தார். நெருங்கியவர் பிரிந்தால் வருகிற வேதனையின் சாயல் அதில் இருந்தது. நம்மை விட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் யாருக்கு இயல்பிலேயே அதிகமோ, அவர்களுக்கு வேதனையும் அதிகம்.

இது வேஷம் போடுகிற அழுகை இல்லை, புரிகிறதா? கதை என்று அறிவுக்குத் தெரியும். ஆனால் நெஞ்சு அடைப்பதும் கண் நிறைவதும் அறிவைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. மெய்ப்பாடு என்று எட்டு உணர்ச்சிகளைத் தொல்காப்பியம் சொல்கிறதே, மெய்யில் படுவதால்தான் அந்தப் பெயர். அந்த எட்டில் முதலில் வருவது நகை, அதாவது சிரிப்பு!

இந்த சீரியலிலும் சிரிப்புக்குப் பெரிய இடம். வெரோனிகா எந்த ஆபத்திலும் குத்தலாக ஒரு வார்த்தை பேசாமல் இருக்கமாட்டாள். அப்பாவும் மகளும் சாப்பாட்டு நேரத்தில் ஒருவரை ஒருவர் வாருவதைக் கேட்பதற்காகவே பார்த்தவர்கள் உண்டு. லோகனும் அப்படித்தான். அடி வாங்கிய பிள்ளை வாயால் திருப்பி அடிக்கிறான். சிரிப்பு அங்கே கவசம். அவளுடைய நண்பன் வாலஸ் முதல் பகுதியிலேயே, வெளியில் கரடுமுரடாகத் தெரிந்தாலும் நீ உள்ளே மார்ஷ்மெல்லோ மிட்டாய் மாதிரி மெத்தென்றிருக்கிறாய் என்று கண்டுபிடித்துவிடுவான். ரசிகர்கள் அந்த மிட்டாயின் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஜோக்கை ஏன் தனியாக ரசிக்காமல் நாலு பேரிடம் சொல்லத் துடிக்கிறோம்? ராபர்ட் புரொவைன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மனிதர்கள் தனியாக இருக்கும்போதைவிடக் கூட்டத்தில் இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்து ராபின் டன்பார் குழுவினர், பலரோடு சேர்ந்து வயிறு குலுங்கச் சிரித்தபின் வலியைத் தாங்கும் சக்தி கூடுகிறது என்று சோதித்துக் காட்டினார்கள். ஆக, உங்க வீட்டுப் பெண் சிநேகிதியோடு போனில் சீரியல் ஜோக்கைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தால் அது வெட்டிப் பொழுது இல்லை. பத்து மணிக்கு முன்னால் என்றால்!

இப்போது லோகன் எப்படிச் செத்தான் என்று சொல்லவேண்டும். (இனிமேல்தான் பார்க்கப் போகிறேன் என்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) மூன்று வருடம், 64 பகுதிகள் ஓடிய தொடரை 2007-ல் நிறுத்திவிட்டார்கள். ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. தலைப்பிலேயே மார்ஸ் இருக்கிறதே என்று மார்ஸ் சாக்லேட்டுகளை ஆயிரக்கணக்கில் சேனல் ஆபீசுக்கு அனுப்பினார்கள். பலிக்கவில்லை. 2013 மார்ச்சில் சினிமாவாக எடுக்கிறோம், பணம் தாருங்கள் என்று பொதுமக்களிடம் கேட்டபோது, கேட்ட 20 லட்சம் டாலர் ஒரே நாளுக்குள் சேர்ந்துவிட்டது. கடைசியில் 91,000-க்கும் மேற்பட்டவர்கள் கொடுத்தது 57 லட்சம் டாலர். 2014-ல் படம் வந்தது. வெரோனிகாவும் லோகனும் சேர்ந்தார்கள். 2019 ஜூலையில் மறுபடி எட்டுப் பகுதிகள். அதன் முடிவில் இருவருக்கும் கல்யாணம் ஆகிறது. ஆன கையோடு காரில் வைத்த வெடிகுண்டில் லோகன் போய்விடுகிறான்.

ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். இது துப்பறியும் கதையாகத் தொடரவேண்டும், வீட்டில் கணவன் காத்திருக்கும் கதாநாயகி அதற்குச் சரிவராது என்கிற மாதிரி ராப் தாமஸ் விளக்கம் சொன்னார். துப்பறியும் கதைக்காரர்களுக்கு இது பழைய பழக்கம். 1893-ல் கோனன் டாயில் ஷெர்லாக் ஹோம்ஸைக் கொன்றார். வாசகர் கோபம் பத்து வருடம் ஆறவில்லை. 1903-ல் உயிரோடு கொண்டுவரவேண்டியதாயிற்று.

என்னிடம் வந்த பெண் இதை எல்லாம் லேப்டாப்பில் மொத்தமாகப் பார்த்திருக்கிறாள். பழைய 64 பகுதிகள், பகுதிக்கு முக்கால் மணிக்குக் கொஞ்சம் குறைவு. அப்புறம் சினிமா, பிறகு புதிய எட்டு. கூட்டிப் பாருங்கள், 50 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ராத்திரி பதினொன்றுக்கு மேல் மூன்று மூன்று மணி நேரமாகப் பதினேழு, பதினெட்டு ராத்திரி! அதிலே கடைசி ராத்திரி சாவு. விடிந்ததும் காலேஜ். அழுத கண்ணைப் பார்த்து அண்ணன், "யாருடி போயிட்டா, உன் டி.வி. புருஷனா?" என்றிருக்கிறான். அப்பாவும் சிரித்திருக்கிறார். அன்றோடு அவள் யார் முன்னாலும் அழுவதை நிறுத்திவிட்டாள்.

சித்த மருத்துவத்தில் பதினான்கு வேகங்கள் என்று ஒன்று உண்டு. தும்மல், பசி, தாகம் போல உடம்பு தானாக எழுப்புகிற வேகங்கள். அவற்றை அடக்கக்கூடாது. அடக்கினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய். அந்தப் பதினான்கில் தூக்கமும் உண்டு, கண்ணீரும் உண்டு. தூக்கத்தை அடக்கினால் தலைக் கனம், கண் சிவப்பு. கண்ணீரை அடக்கினால் தலை நோய், கண் நோய். இந்தப் பெண் மூன்று வாரமாகத் தூக்கத்தை அடக்கினாள், இரண்டு வாரமாகக் கண்ணீரையும் அடக்கினாள். பித்தம் ஏறாமல் என்ன செய்யும்?

அம்மாவை உள்ளே கூப்பிட்டு, "உங்க பெண்ணுக்கு வேற விஷயம் எதுவும் இல்லை" என்றேன். அவருக்குப் பாதி உயிர் வந்தது. உடனே அடுத்த கேள்வி. "அந்த மாதிரி முரட்டுப் பையனை நல்லவன்னு நினைக்கக் கத்துக்கொடுக்குதே டாக்டர், இந்த சீரியல்?"

நியாயமான கவலை. விளக்கை உடைத்தவன் காதலனா என்று அந்த ரசிகர்களே சண்டை போட்டிருக்கிறார்கள். அடிபட்ட பிள்ளை மாறுவான் என்று ஒரு கட்சி, மாற்றுவது ஒரு பெண்ணின் வேலையா என்று இன்னொரு கட்சி. இந்தக் கேள்வியை 19 வயதில் ஒரு பெண் கதையை வைத்துக் கேட்டுப் பார்ப்பது நல்லதா, 23 வயதில் நிஜத்தில் மாட்டிக்கொண்டு கேட்பது நல்லதா? கதையில் தப்பான ஆளுக்கு ஓட்டுப் போட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. "நீ யார் கட்சி? ஏன்?" என்று மகளைக் கேளுங்கள். அவள் மனசில் கணவன் என்பவன் எப்படி இருக்கிறான் என்று அவள் வாயாலேயே வந்துவிடும். நேரில் கேட்டால் வருமா?

மருந்தென்று நான் அதிகம் கொடுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் சீரகத் தைலம் தேய்த்து வெந்நீர்க் குளியல். ராத்திரி எட்டுக்குள் சாப்பாடு. பத்து மணிக்கு லேப்டாப்பும் போனும் ஹாலுக்கு வந்துவிடவேண்டும், அப்பாவுடைய போனும் சேர்த்துத்தான்! பதின்வயதுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். கல்லூரி வயதில் குறைந்தது 7. ஒரு நாளைக்கு ஒரு பகுதிதான், அதுவும் மாலையில். அழுகை வந்தால் அழட்டும். யாரும் கேலி பேசக்கூடாது.

ஒரு எச்சரிக்கை. எல்லா அழுகையும் சீரியல் அழுகை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், சாப்பாடு, படிப்பு, சிநேகிதம் மூன்றையும் ஒதுக்கினால், சீரியல் ஒரு சாக்காக இருக்கலாம். உயிர் வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஒரே ஒரு தடவை வந்தாலும் போதும், நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். என்னிடம் வந்தாலும் அங்கேதான் அனுப்புவேன். இந்தப் பெண்ணையும் அதையெல்லாம் கேட்ட பிறகுதான் வீட்டுக்கு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து அம்மாவுக்குப் பதில் அப்பா கூட வந்தார். பெண்ணின் கண் தெளிந்திருந்தது. நன்றாகத் தூங்குகிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள். தினம் மாலை அவளோடு உட்கார்ந்து முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்திருக்கிறாராம். எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"டாக்டர், அந்த டங்கன் பையனுக்கு என்ன குறைச்சல்?"

"அப்பா!" என்றாள் மகள்.